பாஞ்சாலியின் வலது கை

மாது மாமாவைப் பற்றி யாராவது நல்லபடியாகப் பேசினால் எனக்கு எரிச்சல் வரும். மட்டமாகப் பேசினாலும் வரும். இரண்டு தரப்புக்கும் பாதிதான் தெரியும் என்பது ஒரு காரணம். அவர் என் அம்மாவின் தம்பி என்பது இன்னொரு காரணம். தாய்மாமனைத் திட்டுகிற உரிமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

மாரண்டஹள்ளிக்குக் கிழக்கே, சின்னாற்றுக்கு இந்தக் கரையில் எங்கள் ஊர். மாமாவுக்கு அங்கே கொஞ்சம் மேட்டு நிலம், ஒரு ஜோடி எருது, வரப்போரம் மூன்று புளியமரம். ராகியும் அவரையும் போடுவார். மழை கைகொடுத்தால் பின்னால் கொள்ளும் வரும். மனைவி தீர்த்தம்மாள், எனக்கு அத்தை. ஒரே பெண் பாஞ்சாலி. திரௌபதியம்மனுக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை என்பதால் அந்தப் பெயர். மாமா அதிகம் பேச மாட்டார். அடுத்தவன் வரப்பில் கால் வைக்க மாட்டார். சாமி காரியத்தில் மட்டும் ஒரு நூல் பிசகினாலும் அவருக்குத் தூக்கம் வராது.

1942-ஆம் வருஷம் சித்திரையில் எங்கள் ஊர் தர்மராஜா கோயிலில் பாரதம் வைத்தார்கள். நான் அப்போது பட்டாளத்தில் இருந்தேன். நடந்ததையெல்லாம் அத்தைதான் பிற்பாடு சொன்னாள். பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து. அர்ச்சுனன் தபசு அன்றைக்கு வேஷக்காரர் உயரமான கம்பத்தில் ஏறி, மேலேயிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் எறிவார். மறுநாள் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அதேதான் விளையாட்டு. பாஞ்சாலிக்கு அப்போது ஆறு வயது. பெயர் பாஞ்சாலியாக இருந்தாலும் அவளுக்கு அர்ச்சுனனாக இருக்கத்தான் ஆசை. வரப்போரப் புளியமரத்தில் ஏறி, கீழே நின்ற கூட்டத்துக்குப் புளியங்காயைப் பிரசாதமாக எறிந்துகொண்டிருந்தவள், கிளை முறிந்து விழுந்தாள். வலது முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு உடைந்தது.

ஆற்றுக்கு அக்கரையில் பச்சியப்பன் என்று ஒரு பெரியவர் எலும்புக்குக் கட்டுப் போடுவார். மாமா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். பச்சியப்பன் எலும்பை நேராக்கி, பச்சிலை அரைத்து வைத்து, மூங்கில் பத்தை கொடுத்துத் துணி சுற்றிக் கட்டினார். கட்டி முடித்துவிட்டு, "வெரலு வீங்கினாலும் சரி, நீலம் பாஞ்சாலும் சரி, அன்னிக்கே தூக்கிக்கிட்டு வந்துருங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்னு நிக்காதீங்க" என்றார். மாமா தலையாட்டினார். பச்சியப்பன் மேல் ஒரு தப்பும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அன்று சாயங்காலம் தீ மிதிக்கிறவர்களுக்குக் கோயிலில் காப்புக் கட்டினார்கள். மாமா அந்த வருஷம் மிதிப்பதாகவே இல்லை. பிள்ளையின் கை நல்லபடியாகக் கூடி வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, வரிசையில் கடைசி ஆளாகப் போய் மணிக்கட்டை நீட்டினார். மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால் தீ மிதித்து முடிக்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. காப்புக் கட்டியவர் மட்டுமில்லை, அவர் வீட்டு ஆட்கள் யாருமே தாண்டக் கூடாது. வீட்டில் கவிச்சி கூடாது, முட்டைகூடக் கூடாது. எங்கள் ஊருக்குச் சின்னாறுதான் எல்லை. பச்சியப்பன் இருப்பது அந்தப் பக்கம்.

மறுநாளே பிள்ளையின் விரல்கள் வீங்க ஆரம்பித்தன. அதற்கடுத்த நாள் நிறம் மாறியது. பிள்ளை கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போயிற்று.

"ஏங்க, வெரலு கத்திரிக்கா மாதிரி ஆயிருச்சுங்க. நான் தூக்கிக்கிட்டு ஓடிப் போயி காட்டிட்டு வந்துர்றேன்" என்றாள் அத்தை.

"காப்புக் கட்டின வூட்டுப் பொம்பள ஆத்தைத் தாண்டுவியா? நான் யாருக்காகக் கட்டியிருக்கேன்?"

"அப்பக் கட்டையாச்சும் அறுத்து வுடுங்க."

"எலும்பு நவுந்துரும். அம்மன் பாத்துக்குவா." பிறகு பிள்ளையிடம் குனிந்து, "பொறுத்துக்க கண்ணு. தீ மிதிச்சுட்டு வந்துர்றேன், சரியாப் பூடும்" என்றார்.

பச்சியப்பனுக்கு ஆள் விட்டிருக்கலாமே என்று இன்றைக்கு யார் வேண்டுமானாலும் கேட்கலாம். நானும் கேட்டேன். ஊரில் பாதி ஆண்கள் காப்புக் கட்டியிருந்தார்கள், மீதிப் பேர் தீக்குழிக்கு விறகு வெட்டிக்கொண்டிருந்தார்கள், அதெல்லாம் சாக்கு. ஆள் அனுப்பினால் அம்மன் மேல் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடுமோ என்று பயந்துவிட்டார், அதுதான் நிஜம். வீட்டில் அரிவாள் இல்லாமலா போயிற்று? துணியில் ஒரு கீறு கீறியிருந்தால் போதும்.

மாமா தீ மிதித்தார். காலில் ஒரு கொப்புளம் இல்லை. ஊரே மெச்சியது. பாதத்தில் ஒட்டிய சாம்பலைக்கூடக் கழுவாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தார். பச்சியப்பன் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அன்னிக்கே வரச் சொன்னேனே என்றாராம். எலும்பு நேராகத்தான் கூடியது. கைதான் போய்விட்டது. கொஞ்ச நாளில் மணிக்கட்டு உள்பக்கம் வளைந்து, விரல்கள் மடங்கி, முன்கைச் சதை வற்றி, கை ஒரு கொக்கி மாதிரி நின்றுவிட்டது.

அதன் பிறகு மாமா செய்ததுதான் எனக்கு இன்னும் கோபம் வருகிற விஷயம். பிள்ளைக்கு எல்லாவற்றையும் அவரே செய்தார். களியை உருட்டி வாயில் ஊட்டுவது அவர். தலை வாரி விடுவது அவர். பிள்ளை ஒரு சொம்பைத் தூக்கக் குனிந்தால் ஓடி வந்து பிடுங்கிக்கொள்வார். அத்தை ஏதாவது வேலை சொன்னால் முறைப்பார். பாஞ்சாலி அந்தக் கையைப் பாவாடை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற பிள்ளையாகிவிட்டாள். கட்டை ஏன் பிரிக்கவில்லை என்று அந்த வீட்டில் யாரும் மறுபடி பேசவில்லை. ஊரிலும் விதி என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

1944 தை மாதம் நான் ஊர் திரும்பினேன். பர்மாப் பக்கம் இடது மணிக்கட்டில் குண்டு பாய்ந்து, பெங்களூரில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தவன். தையல் ஆறியதும் என்னைக் கைவேலை வார்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு இங்கிலீஷில் ஆக்குபேஷனல் தெரபி என்று நீளமாக ஒரு பெயர். உள்ளே போனால் மருந்து வாசனையே இருக்காது. ஒருத்தன் பாய் பின்னுவான், ஒருத்தன் மரம் இழைப்பான், இன்னொருத்தன் களிமண்ணைப் பிசைந்துகொண்டு கெட்ட வார்த்தை பேசுவான். பிசைந்தவன் நான்தான். சாப்பாட்டுத் தட்டைக்கூடப் பிடிக்க முடியாமல் போன கை, வரும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது.

பாஞ்சாலியின் கையைப் பார்த்ததும் நான் மாமாவிடம் இதைச் சொன்னேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மருந்து குடுக்க மாட்டாங்களா?"

"வேலதான் மாமா மருந்து. கையை வேல செய்ய வெச்சே தொறக்க வெப்பாங்க. ஆனா சீக்கிரம் போவணும்."

"நாளைக்கே போலாம்" என்றார்.

கிளம்புவதற்குப் பணம் வேண்டுமே. எனக்குப் பட்டாளத்தில் கொடுத்த பணம் கொஞ்சம் கையில் இருந்தது. எடுத்துக்கொள்ளச் சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டார். அத்தை காதுத் தோட்டைக் கழற்றி முன்னால் வைத்தாள். அதையும் தள்ளிவிட்டார். எருதில் ஒன்றைச் சந்தையில் விற்றார். மூன்று புளியமரத்தையும் பாலக்கோட்டு வியாபாரி ஒருவருக்குப் பல வருஷத்துக்குச் சேர்த்துக் குத்தகைக்கு விட்டார். அந்த ஆள் கேட்ட விலைக்கு நானாக இருந்தால் கொட்டைகூடக் கொடுத்திருக்க மாட்டேன். மாமா பேரம் பேசவே இல்லை. நஷ்டப்பட வேண்டும் என்றே தேடிப் போனவர் மாதிரி இருந்தது. அன்றைக்கு அத்தை அவரை ஒரு கேள்வி கேட்டாள்: "தண்டனையிலகூட எனக்குப் பங்கு குடுக்க மாட்டீங்களா?" மாமா வெளியே போய்விட்டார்.

பொட்டைப் பிள்ளை கைக்கு உழவு மாட்டை விற்றவன் என்று ஊரில் சிரித்தார்கள். ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்றும் கேட்டார்கள்.

ஓசூர் வரை ஓடிக்கொண்டிருந்த சின்ன ரயிலை அதற்குள் நிறுத்திவிட்டு, தண்டவாளத்தையும் சண்டைக்காகப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். பெட்ரோல் கிடைக்காத காலம், அடுப்புக்கரிப் புகையில் ஓடுகிற கரி பஸ்தான் கதி. ராயக்கோட்டை, ஓசூர் வழியாக, மேடு வந்தால் இறங்கித் தள்ளி, முகமெல்லாம் கரியோடு மாமாவும் பிள்ளையும் நானும் பெங்களூர் போய்ச் சேர்ந்தோம். பட்டாளத்து ஆஸ்பத்திரி வாசலில் காவல்காரன் எங்களை உள்ளே விடவில்லை. சிப்பாய்களுக்கு மட்டும்தான் என்றான். நான் என் தழும்பைக் காட்டிச் சண்டை போட்டேன். உனக்கு வைத்தியம் முடிந்துவிட்டது, போ என்றான். மாமா அந்த வாசலுக்கு எதிரில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்று முழுக்க நகரவில்லை. மறுநாளும் அங்கேயே.

இரண்டாம் நாள் சாயங்காலம் எனக்குக் களிமண் கொடுத்த மிஸ்ஸம்மா வெளியே வந்தாள். ஒல்லியான வெள்ளைக்காரி, தமிழும் கன்னடமும் கலந்து ஒரு மாதிரி பேசுவாள். என்னைப் பார்த்ததும், "கோவிந்தன், மணிக்கட்டைத் திருப்பு" என்றாள். திருப்பிக் காட்டினேன். பிறகு பாஞ்சாலியைப் பார்த்தாள். பிள்ளை கையை மடியில் மறைத்துக்கொண்டது. மிஸ்ஸம்மா அந்தப் புழுதியிலேயே மண்டி போட்டு உட்கார்ந்து, "நீயாகக் காட்டு. நான் இழுக்க மாட்டேன்" என்று சொல்லிக் காத்திருந்தாள். பாஞ்சாலி காட்டினாள்.

தண்டு என்று சொல்கிற கண்டோன்மென்ட் பக்கம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. வாரத்தில் சில மத்தியானங்கள் மிஸ்ஸம்மா அங்கே போவாளாம். கூலி வேண்டாம், கையை நீட்டிக் கட்டுகிற பட்டைக்கும் மரச்சட்டத்துக்கும் ஆகிற செலவை மட்டும் கொடுத்தால் போதும் என்றாள். ஆனால் முதலில் ஒரு மாதம் இங்கேயே தங்க வேண்டும். பிறகு மாதம் ஒரு தடவை கொண்டுவந்து காட்ட வேண்டும். "முழுக் கை திரும்பி வராது. கட்டைவிரலும் இரண்டு விரலும் சேர்ந்து பிடிக்கிற அளவுக்கு வரலாம். அதுவும் இப்போது. இன்னும் ஒரு வருஷம் போனால் என்னிடம் வர வேண்டாம்" என்றாள்.

அல்சூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுப் பின்கட்டில் தங்கினோம். மாமா காலையில் பட்டாளத்துக்குக் கொட்டகை போடுகிற இடத்தில் மண் சுமந்தார், மத்தியானம் பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஏதோ பெரிய மிஷின் இருக்கும் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. மிஸ்ஸம்மா அவரிடம், உங்கள் ஊரில் பெண்கள் கையால் என்னென்ன செய்வார்கள் என்று கேட்டாள். மாவு பிசைவார்கள், சாணி தட்டுவார்கள், புளி உடைத்துக் கொட்டை எடுப்பார்கள் என்றார். "இது போதும்" என்று அந்த வேலைகளையே பாஞ்சாலிக்குக் கொடுத்தாள். வெந்நீரில் கையை ஊறவைத்து, மெதுவாக நீவி, பிறகு ராகி மாவு பிசைய வேண்டும். புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டியில் போட வேண்டும். ஒரு கை களியை அவளே எடுத்துத் தின்ன வேண்டும், சிந்தினாலும் யாரும் ஊட்டக் கூடாது. ராத்திரிக்கு மரச்சட்டத்தில் கையை நீட்டி வைத்து மேலே தோல்பட்டை போட வேண்டும். பட்டையில் வரிசையாக ஓட்டைகள். கை கொஞ்சம் நெகிழ நெகிழ, ஒவ்வொரு ஓட்டையாகத் தள்ளி இறுக்கிக்கொண்டே போக வேண்டும்.

"வலிக்கும். அழுவாள். தளர்த்தக் கூடாது" என்றாள் மிஸ்ஸம்மா. "ஆனால் விரல் வீங்கினாலோ நிறம் மாறினாலோ உடனே கழற்றிவிட வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும்."

மாமாவின் முகம் அப்போது போன போக்கை நான் பார்த்தேன். அந்த வித்தியாசத்தை அவரைவிட அதிக விலை கொடுத்து யாரும் கற்றிருக்க முடியாது.

பெங்களூரில் இருந்த வரை ஆஸ்பத்திரி நர்ஸம்மாவே சாயங்காலம் பட்டை போட்டு அனுப்புவாள், விரல்கள் கொஞ்சம் அசைய ஆரம்பித்தன. ஊருக்கு வந்த பிறகு நின்றுபோயிற்று. அடுத்த மாதம் கொண்டு காட்டினோம், முன்னேற்றம் இல்லை. அதற்கு அடுத்த மாதம் பழைய நிலைக்கே போயிருந்தது. மிஸ்ஸம்மா தோல்பட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கடைசியாகச் சொன்ன ஓட்டை புதுசாகவே இருந்தது. இரண்டு மூன்று ஓட்டை முன்னால் தோல் தேய்ந்து இழுபட்டிருந்தது.

"யார் தளர்த்தியது?"

மாமா தரையைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். பாஞ்சாலிதான், "நானே அவுத்துக்கிட்டேன்" என்றாள்.

மிஸ்ஸம்மா பட்டையை அவள் கையில் போட்டு மாட்டிவிட்டு, "அவிழ்த்துக் காட்டு" என்றாள். பட்டையின் கொக்கி சட்டத்துக்கு அடியில் முழங்கைக்குப் பின்னால் இருந்தது, இரண்டு கையும் இருந்தால்தான் கழலும். பிள்ளை இடது கையால் எட்டி எட்டிப் பார்த்தாள். கழற்ற வரவில்லை. அப்போதாவது மாமா வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். திறக்கவில்லை.

மிஸ்ஸம்மா குரலை உயர்த்தாமல் மாமாவிடம் சொன்னாள். "நீங்கள் வைத்தியம் பார்ப்பது உங்கள் மனசுக்கு. இந்தக் கைக்கு இல்லை. வெளியே எத்தனை பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று பார்த்தீர்கள் அல்லவா? அடுத்த மாதமும் இப்படியே வந்தால் இவள் நேரத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் மாமாவோடு பேசவில்லை. பேசினால் மரியாதை இல்லாமல் ஏதாவது வந்துவிடும் என்று இருந்தது. ஓசூர் தாண்டி ஒரு மேட்டில் பஸ் மூச்சு வாங்கி நின்றது. டிரைவர் கரியைக் கிளறிக் காற்று அடிக்க ஆரம்பித்தார். எல்லாரும் இறங்கினோம். மாமா பிள்ளையை ஒரு மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

"எதுக்குக் கண்ணு நீ அவுத்தேன்னு பொய் சொன்னே?"

"பொய் என்ன? எல்லாம் என்னாலதானே."

"என்ன உன்னால?"

பாஞ்சாலி மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதைப் பார்த்தே சொன்னாள். "நீ காப்புக் கட்டியிருந்தப்ப, எனக்குக் காய்ச்சலு. கஞ்சி கசந்துச்சு. நம்ம கோழி வெக்கப்போருல முட்டை வெச்சிருந்துச்சு. யாரும் இல்லாதப்பப் போயி பச்சையாக் குடிச்சுட்டேன். முட்டை ஓட்டை வேலிக்குள்ள போட்டுட்டேன். மறுநாளு கை நீலமாயிருச்சு."

மாமா அந்தக் கையைப் பிடிக்கப் போனார், அவள் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"அம்மன் மூடின கையை நாம எப்படிப்பா தொறக்கறது? மிஸ்ஸம்மாவுக்கு அது தெரியாது. நீ வீணா மாட்டை வித்துட்ட."

ஆறு வயதிலிருந்து எட்டு வயது வரைக்கும் இந்தப் பிள்ளை இதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். அப்பா ஊட்டிவிட்ட ஒவ்வொரு வாய்க் களியையும் தான் செய்த தப்புக்காகத்தான் அவர் கஷ்டப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு விழுங்கியிருக்கிறாள். இவர் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். தன் தப்பை அவர் பொத்திப் பொத்தி வைத்ததில் அது பிள்ளை தலையில் போய் உட்கார்ந்துவிட்டது.

மாமா அந்தப் புழுதியில் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"முட்டையால இல்ல கண்ணு. கட்டு இறுகிப் போச்சு. வெரலு வீங்கினா அன்னிக்கே தூக்கிக்கிட்டு வான்னு பச்சியப்பன் சொல்லியிருந்தாரு. நான் போவல."

"ஏன்?"

"காப்புக் கட்டியிருந்தேன். ஆத்தைத் தாண்டக் கூடாதுன்னு நின்னுட்டேன். உங்கம்மா போறேன்னா. வுடல. கட்டை அறுத்து வுடச் சொன்னா. அதுவும் செய்யல."

"நான் அழுதேனே."

"அழுத."

"நீ பாத்துக்கிட்டு இருந்தியா?"

"இருந்தேன்."

பஸ் புறப்படத் தயாரானதும் பாஞ்சாலி முதல் ஆளாக ஏறி, ஓசூரில் ஏறியிருந்த ஒரு கன்னடக்கார அம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். மாமா தன் பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார். மாரண்டஹள்ளி வரும் வரைக்கும் அந்த இடம் காலியாகவே வந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் சட்டத்தையும் பட்டையையும் எடுத்துக்கொண்டு போய் அத்தை முன்னால் போட்டாள்.

"அம்மா, இனிமே நீ கட்டு. அப்பா அவுத்துருவாரு."

அத்தை கட்டினாள். பிள்ளை அழுத அழுகை தெருவுக்கே கேட்டது. மாமா போய்க் களத்துமேட்டில் உட்கார்ந்துகொண்டார். அத்தை வேலையை விட்டுவிட்டு வந்து வந்து விரலைத் தொட்டுப் பார்த்தாள், நிறம் பார்த்தாள். அழுகை அழுகையாகத்தான் இருந்தது, விரல் நல்லபடியாக இருந்தது. பட்டையைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையிடம் ஒரு வேகம் வந்துவிட்டது. கோபம்தான், வேறென்ன. மாமா ஊட்ட வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தட்டைத் தரையில் வைத்து, கொக்கிக் கையால் களியைத் துழாவுவாள். பாதி சிந்தும். சிந்தினதையும் அவளே எடுப்பாள். புளியங்கொட்டைச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முதலில் கொட்டை நழுவிக்கொண்டே போயிற்று. பிறகு ஒன்று நின்றது. அடுத்த மாதம் மிஸ்ஸம்மா பட்டையைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், மறு மாதத்துக்கு நாள் குறித்துக் கொடுத்தாள்.

மாமாவோடு மட்டும் அவள் பேசவில்லை. சாப்பிட வரச் சொல்ல வேண்டுமென்றால்கூட அத்தையிடம் சொல்லி அனுப்புவாள். மாமா அதைப் பற்றி யாரிடமும் குறைபட்டுக்கொள்ளவில்லை. பக்கத்து நிலத்துக்காரரிடம் ஒரு மாட்டை இரவல் கேட்டு, தன் ஒற்றை மாட்டோடு பூட்டி உழுதார். பஸ்ஸுக்குப் பணம் போதாத மாதங்களில் மறுபடி பெங்களூர் போய் மண் சுமந்துவிட்டு வந்தார். ஒரு தடவை அத்தை தோட்டை நீட்டியபோது பேசாமல் வாங்கிக்கொண்டார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அன்றைக்குத்தான் கொஞ்சம் இறங்கியது.

மறு வருஷம் அறுவடைக்கு முன்னால் அவள் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும் ஒன்றுக்கொன்று தொட்டுக்கொண்டன. மற்ற இரண்டும் மடங்கியே இருந்தன, இன்றைக்கும் அப்படியேதான். அந்த மூன்று விரலால் அவள் களி எடுத்தாள், கொட்டை எடுத்தாள், பாவாடை நாடாவைத் தானே முடிந்துகொண்டாள்.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். அத்தை தன் தங்கையின் பிரசவத்துக்காகப் பாலக்கோடு போயிருந்தாள். மாமா மாட்டுக்குத் தீவனத் தட்டு வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். பாஞ்சாலி சட்டத்தையும் பட்டையையும் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். என்னைப் பார்த்தாள். எனக்கும் இடது கை பெட்டி தூக்கும், நுணுக்க வேலைக்கு வராது, இந்தக் கொக்கி மாட்ட இரண்டு கையும் வேண்டும். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, நேராக மாமாவிடம் போய்க் கையை நீட்டினாள்.

மாமா அரிவாளைக் கீழே போட்டார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சட்டத்தில் கையை வைத்து, பட்டையைச் சுற்றி, கொக்கியை எடுத்தார். கொஞ்சம் தளர்வான ஓட்டை ஒன்றில் மாட்டினார்.

"அது இல்ல. அடுத்தது" என்றாள்.

அந்த மரத்தடிப் பேச்சுக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. மாமா கழற்றி, அடுத்த ஓட்டைக்குத் தள்ளி இழுத்தார். பிள்ளையின் முகம் சுருங்கியது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருந்தாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"வலிக்குதுன்னு அழுவேன். நீ அவுக்கக் கூடாது. வெரலை மட்டும் பாத்துக்கிட்டே இரு."

"சரி கண்ணு."

அவள் அழுதாள். மாமா அவள் விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, பட்டையைத் தொடாமல், அவள் அழுது முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.